நான் மெருகு போட்ட ஒன்பது துண்டுகள்

கறுத்த வெள்ளியை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யாழ்ப்பாணத்தில் கன்னாதிட்டிப் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் பன்னிரண்டு வருடம் குந்தியிருந்து வேலை செய்தவன் நான். பொன்னோ வெள்ளியோ, மெருகு போடாமல் ஒரு பொருள் எங்கள் பட்டறை வாசலைத் தாண்டாது. கறுப்புப் பிடித்த கொலுசை நீட்டினால், வாங்க வந்தவர் அதைத் தொடாமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார். போகிற வழியில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டும் போவார்.

எண்பதுகளின் பின்பாதியில் நான் அகதியாக டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் இருந்தேன். அங்கே கொம்யூன்காரர், அதாவது நகரசபைக்காரர், என் தொழிலை விசாரித்துவிட்டு, மூன்று மாத வேலைப் பயிற்சிக்கு என்னைச் சில்க்போர்க்கில் இருந்த ஒரு வெள்ளி வேலைக்காரியிடம் அனுப்பினார்கள். ரயிலில் அரை மணித்தியாலப் பயணம். முதல் நாளே எனக்குப் பெரிய ஏமாற்றம். தொழில் தெரியாத ஒருவரிடம் என்னை அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவர் கிரீன்லாந்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையாக டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டு, அப்படியே தங்கிவிட்டவர். சிகரெட்டைப் பற்றவைத்து மேசை விளிம்பில் வைத்துவிட்டு மறந்துபோவார். மேசை விளிம்பு முழுக்கத் தீய்ந்த தழும்பு. அவர் பேசியது டேனிஷ். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அவருடைய பேச்செல்லாம் எங்கள் ஊர்த் தமிழிலேதான் என் ஞாபகத்தில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளியில் அவர் செய்ததெல்லாம் அவருடைய ஊர்தான். நிலத்தோடு ஒட்டி வளரும் செடியின் இலை, திமிங்கிலத்தின் வால், காகத்தின் இறக்கை, பனிக்கட்டியின் வெடிப்புக்குள் விழுந்த நிலவு, மாரிகால வானத்தில் திரைபோல அசையும் ஒளி. தகட்டைச் சுத்தியலால் தட்டி எடுப்பார். ஊசி மாதிரி ஓர் ஆயுதத்தால் மெல்லிய கோடுகள் கீறுவார். பிறகு கூழ்முட்டை நாற்றம் அடிக்கும் கந்தகத் தண்ணீருக்குள் போட்டு அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பாக்கி, கோடுகளை மட்டும் துடைத்துவிடுவார். அவ்வளவுதான். மெருகு இல்லை, ஒரு கல் இல்லை. "முடிஞ்சுது" என்று சொல்லிச் சுவரில் கொழுவிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் வாய் திறந்ததில்லை. அவருடைய கையெழுத்து எனக்குத் தேவைப்பட்டது.

கல்யாணம் செய்து எட்டு மாதத்தில் நான் புறப்பட்டு வந்தவன். மனைவி கொக்குவிலில் தன் தமக்கை வீட்டில் இருந்தாள். அவளை இங்கே கூப்பிட நான் விண்ணப்பம் போட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. கோபன்ஹேகனிலிருந்து ஓம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. இக்காஸ்டில் எங்களைப் போன்ற ஆண்களின் வீடுகளில் சோறு வேகும்போது வேறு கதையே கிடையாது. எங்கள் வீட்டில் மூத்தவரை அண்ணை என்போம். துணி ஆலையில் பின்னேர ஷிஃப்ட் வேலை. அவர் சொன்னால் அது சட்டம்.

"வேலைக் கடிதம் இல்லாமல் ஒருத்தற்றை மனிசியும் வராது. நிரந்தர வேலை எண்டு ஒரு முதலாளி கையெழுத்து வைக்கவேணும். அப்பதான் பைலைத் திறப்பினம்" என்றார். "எஸ்பியர்க்கிலை ஒருத்தனுக்கு அப்பிடித்தான் வந்தது."

அந்த எஸ்பியர்க்காரனை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. சட்டப் புத்தகத்தையும் கண்டதில்லை. இருந்தாலும் நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம், நம்புவதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

பயிற்சியின் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்குக் கொம்யூன் பெண் படிவத்தோடு வருவதாக இருந்தது. இவனை நான் வேலைக்கு வைத்திருக்கிறேன் என்று கிரீன்லாந்துக்காரர் எழுதிக் கையெழுத்து வைத்தால், அதன் பிரதியை நான் கோபன்ஹேகனுக்கு அனுப்பலாம். அதற்கு இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, நகர நூலக மண்டபத்தில் அவருடைய கண்காட்சி. ஒரு வருடமாகச் செய்த ஒன்பது துண்டுகள் மரத்தட்டில் வரிசையாகக் கிடந்தன.

வியாழன் காலை, கண்ணாடிப் பெட்டிகள் எடுத்துவர அவர் காரில் ஓகூஸ் நகரத்துக்குப் போனார். போகும்போது, "சங்கிலியளுக்குக் கொக்கி மட்டும் ஒட்டிவையும். வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை. ரெண்டு மணிக்கு முன்னம் வந்திடுவன்" என்றார்.

கொக்கி ஒட்ட ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. பிறகு அந்த ஒன்பதும் நானும்தான். சனிக்கிழமை ஊர்ப் பெரிய மனிதர்கள் வருவார்கள், இந்தப் பாவி மனிசி கரியைக் காட்டப்போகிறாளே என்று நினைத்தேன். மூன்று மணிக்கு வருகிற பெண் என் மூன்று மாத வேலை என்று எதைப் பார்ப்பாள்? கொக்கியையா? இந்த ஒன்பதும் மின்னினால், ஒரே பார்வையில் என் கை எப்பேர்ப்பட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். பொய் சொல்லக்கூடாது, கால்வாசி இரக்கம், முக்கால்வாசி திமிர்.

என் பெட்டிக்குள் ஒரு கட்டி பழப்புளி இருந்தது. வெள்ளியை வெளுக்க அங்கே இருந்த அமிலத்தை நான் என்றைக்கும் நம்பியதில்லை. முதல் துண்டுக்குச் சுவாலை காட்டினேன், கறுப்புப் புகையாகக் கழன்றது. புளியும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் இறக்கினேன், பால் மாதிரி வெளுத்தது. பித்தளைத் தூரிகையால் தேய்த்து, மெருகுக் கம்பியை அழுத்தி இழுத்தேன். எங்கள் பட்டறையில் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது அந்தக் கம்பி வேலைக்குத்தான். ஒன்று, இரண்டு என்று ஒன்பதும் முடியப் பகல் ஒரு மணி ஆயிற்று. ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தட்டு கண்ணைக் கூசவைத்தது. அந்த நாட்டுக்கு வந்தபிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஒன்றரைக்கு அவர் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. ஒரு துண்டை எடுத்து ஜன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்ப வைத்தார். இரண்டாவதை எடுத்தார். முதல் மூன்று துண்டு வரைக்கும் நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். நாலாவதில் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்பதாவதையும் பார்த்து வைத்தார்.

ஒரு துண்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது என்ன?"

முட்டை வடிவத் தகடு. எனக்குத் தெரியவில்லை. "மீன்?" என்றேன்.

"மூண்டு மாசமா இதுக்குப் பக்கத்திலை இருந்தனீர். ஒருநாள் கேட்டனீரே? எங்கடை ஊரிலை ஆறேழு கிழமைக்குச் சூரியனே இல்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் மலைக்குப் பின்னாலை ஒரு கீற்று வரும். பத்து நிமிசம்தான். ஊர்ச்சனம் முழுக்க வெளியிலை வந்து நிக்கும். அதுதான் இது."

தகட்டைப் பார்த்தேன். அந்தக் கீற்றுக்காக அவர் கீறியிருந்த கோடு என் கம்பிக்குக் கீழே மழுங்கிப் போயிருந்தது. கோடு மிச்சம் இருந்திருந்தாலும் ஒன்றுதான், சுற்றிவர எல்லாம் மின்னும்போது அது எங்கே தெரியும்? கறுப்பு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பன்னிரண்டு வருட வேலைக்காரன், அழித்த பிறகு விளங்கிக்கொண்டேன்.

அவர் சிகரெட்டைப் பற்றவைத்தார். "எங்களுக்கு எது வடிவெண்டு இந்த டேனிஷ்காரர் ஒருத்தரும் எங்களைக் கேக்கிறேல்லை. தாங்களே வந்து திருத்திப்போட்டுப் போவினம். நீரும் அவையளைப் போலத்தான்" என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "மூண்டு மணிக்கு அந்த மனிசி வாறா. நான் என்னத்தை எழுதுறது? சொல்லும், ஏன் செய்தனீர்?"

அவர் சொன்னது சுட்டது. ஆனால் என் மூளை முழுக்க அந்தப் படிவம்தான் நின்றது. உங்கள் வேலை எனக்கு முடிக்காத வேலையாகத் தெரிந்தது என்று உண்மையைச் சொன்னால் அதோடு எல்லாம் முடிந்தது. கையெழுத்து இல்லை, கடிதம் இல்லை, மனைவி இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் என் வாய் தானாகவே சொல்லத் தொடங்கியது.

"எங்கடை ஊரிலை வெள்ளி கறுக்கக்கூடாது. வெள்ளி கறுத்தா வீட்டுப் பொம்பிளைக்கு உடம்புக்கு ஆகாது. என்ரை மனிசி அங்கை தனிய இருக்கிறா. இதுகளைப் பாக்கப் பாக்க எனக்குப் பயம் வந்திட்டுது."

அப்படிச் சொல்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள்தான். கால் மெட்டி கறுத்துவிட்டது, பெண்ணுக்கு உடம்பு சரியில்லை போல என்று கொண்டுவருவார்கள். வேர்வையும் சாம்பல் தண்ணீரும் பட்டால் வெள்ளி கறுக்கத்தான் செய்யும் என்று பட்டறையில் நாங்கள் பின்னால் சிரிப்போம். நான் ஒருநாளும் அதை நம்பியவன் இல்லை. அன்று காலை முழுக்க மனைவியின் நினைப்புக்கூட எனக்கு வரவில்லை. சொல்லி முடித்ததும் கண்ணீர் வந்தது. படிவம் போய்விடுமே என்ற பயத்தில் வந்த கண்ணீர் அது. அவளுக்காக அழுகிறேன் என்று அவர் நினைக்கட்டும் என்று துடைக்காமல் விட்டேன்.

அவர் சிகரெட்டை மேசை விளிம்பில் வைத்தார். "முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். குரல் தணிந்துவிட்டது. ஒரு துவாயை எடுத்துத் தட்டை மூடினார்.

மூன்று மணிக்குக் கொம்யூன் பெண் வந்தாள். இவருக்கு நல்ல கை, எனக்கு இவர் வேணும் என்று கிரீன்லாந்துக்காரர் சொன்னார். கையெழுத்து வைத்தார். நான் கைகட்டி நின்று பார்த்தேன். அடுத்த நாள் காலை தபாற்கந்தோர் திறந்ததும் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அந்த ஒன்பதில் ஆறைத்தான் அவரால் காப்பாற்ற முடிந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் கோடுகளைத் திரும்பக் கீறினார். கந்தகத் தண்ணீரை அடுப்பில் வைத்தபோது நான் உதவிக்குக் கிட்டப் போனேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

"நீர் தொடாதையும். நான் செய்யிறன். உம்மடை மனிசிக்கு ஒண்டும் வரக்கூடாது."

சனிக்கிழமை ஆறு துண்டுகள்தான் கண்காட்சியில் இருந்தன. அன்றிலிருந்து கறுப்பு வேலை எதையும் அவர் என்னிடம் தரவில்லை. அந்தத் தண்ணீரைத் திறக்கும் நாட்களில் பேக்கரியில் பாண் வாங்கிவரச் சொல்லி என்னை வெளியே அனுப்பிவிடுவார். நான் மழையில் ஏரிக்கரையில் பாண் பையோடு நிற்பேன். அவரிடம் ஏச்சு வாங்கியிருந்தாலும் பரவாயில்லை என்று இருக்கும்.

அடுத்து வந்த ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்குள் இந்திய இராணுவத்தின் சண்டை தொடங்கியது. கடிதம் நின்றது. தொலைபேசி கிடையாது. டேனிஷ் வானொலி ஒரு வரி சொல்லும், அதில் எங்கள் ஊர்ப்பெயரையும் பிழையாகச் சொல்லும். ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், அப்படிப் போனது. வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சமைக்கவில்லை. அண்ணைகூடக் கதை சொல்வதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் நான் சொன்ன பொய் எனக்குள் குடிவந்தது. காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் சுவரில் இருக்கும் கறுப்புகளைத்தான் கண் தேடும். நேற்றைவிட இன்று ஒன்று கூடியிருந்தால் நெஞ்சு திக்கென்றிருக்கும். கந்தகமடா மடையா, வெறும் கந்தகம் என்று என்னையே ஏசுவேன். உடனே மனதுக்குள் இன்னொரு குரல் சொல்லும், அதில் அவளைக் கொண்டுபோய் வைத்தவன் நீதானே, நீ வைக்காமல் யார் வைத்தது? கோயில் குளம் என்று அலைகிறவன் இல்லை நான். அந்த ஐப்பசியும் கார்த்திகையும் சோறு வேகும் குசினியில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் கள்ளனைப் போல நின்றேன். ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது சுவரில் இருந்த ஒரு துண்டைக் கழற்றிப் பெருவிரலால் தேய்க்கவும் தொடங்கிவிட்டேன். நல்லவேளை, பாதியில் புத்தி வந்தது.

அவர் தினமும் காலையில், "கடிதம்?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டு, சுவரில் இருந்த கறுப்புகள் அத்தனையையும் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். வாடிக்கையாளருக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் வெறும் சுவர் நின்றது. அன்றைக்கு உண்மை என் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். கோபன்ஹேகனில் இருந்து பதில் வரவில்லையே, வேலை போனால் வேலைக் கடிதமும் செல்லாதே என்ற கணக்கு.

மார்கழியில் அவளுடைய கையெழுத்தில் கடிதம் வந்தது. கோயில் மண்டபத்தில் சனத்தோடு சனமாக இருந்திருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை, மெலிந்துவிட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தாள். கிரீன்லாந்துக்காரர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், லாச்சியைத் திறந்து கறுப்புகளைத் திரும்பச் சுவரில் கொழுவினார். நான் மரக்கட்டை மாதிரி நின்றேன்.

பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் போனது. கடைசியில் விஷயம் பத்திரிகைகளில் வெடித்தது. எங்கள் விண்ணப்பங்களை மேலிடத்து உத்தரவில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள். அவர் பத்திரிகையைக் கொண்டுவந்து எனக்கு விளங்கும்படி மெதுவாக வரிவரியாக வாசித்தார். அங்கீகரிக்கப்பட்ட அகதி தன் மனைவியைக் கூப்பிடுவது சட்டப்படி அவனுக்குள்ள உரிமை, அதற்கு வேலையும் தேவையில்லை, முதலாளியும் தேவையில்லை என்று ஒரு இடத்தில் இருந்தது. திரும்ப வாசிக்கச் சொன்னேன். திரும்ப வாசித்தார். அவர் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தார், நான் அவருடைய கையெழுத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் மனைவி வந்தாள். அவள் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கிரீன்லாந்துக்காரர் எங்களைக் கோப்பி குடிக்கப் பட்டறைக்கு அழைத்திருந்தார். கேக் வாங்கி வைத்திருந்தார். நாங்கள் உட்கார்ந்தவுடன் ஒரு சின்னப் பெட்டியை மனைவியின் கையில் வைத்தார். உள்ளே ஒரு பதக்கம், பிறைநிலவும் அதன் கீழே ஒரு இலையும். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. வாழ்நாளில் மெருகு போடாத மனிசி எனக்குத் தெரியாமல் கிடந்து போட்டிருக்கிறார். மூலைகளில் கம்பி வழுக்கிய கீறல்கள். தொழில்காரன் கண்ணுக்கு அது எத்தனை நாள் பாடு என்று தெரிந்தது.

"உம்மடை மனிசிக்கெண்டு செய்தனான். பயப்பிடாமல் போடலாமெண்டு சொல்லும்" என்றார்.

மனைவி பதக்கத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "அந்தக் கறுப்பெல்லாம் என்ன வடிவு! வெளிச்சம் தனியத் தெரியுது. இவ ஏன் எனக்கு மட்டும் இப்பிடித் தந்தவ?" என்று கேட்டாள்.

"என்ன சொல்லுறா?" என்று அவர் கேட்டார்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நல்லா இருக்காம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அந்தப் பதக்கத்தின் கீறல்களைப் பார்த்தபிறகு என்னால் முடியவில்லை. முதலில் டேனிஷில் அவருக்கு உண்மையைச் சொன்னேன். அவர் கோப்பையைப் பார்த்தபடி முழுக்கக் கேட்டார். கோபிக்கவில்லை. "இதை அவவுக்கும் சொல்லும்" என்றார்.

தமிழில் சொல்வது பத்து மடங்கு கஷ்டமாக இருந்தது. செய்ததைச் சொன்னேன். உமக்கு உடம்புக்கு ஆகாது என்று சொல்லித் தப்பினேன், அதுவும் உமக்காகத்தான், அந்தக் கையெழுத்துக்காகத்தான் என்று சொன்னேன். அவள் பதக்கத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"இவ கையெழுத்து வைச்சவவெல்லே?"

"ஓம்."

"அதாலைதானே நான் இண்டைக்கு இஞ்சை இருக்கிறன். பிறகென்ன? விடுங்கோ" என்றாள். பதக்கத்தைத் தன் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே டேனிஷ் சொல்லில் அவருக்கு நன்றி சொன்னாள்.

"அவ என்ன சொன்னவ?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பத்திரிகையை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டியவர் அவர்தான். மிச்சத்தையும் நான் மனைவிக்குச் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் கேக்கை வெட்டி எல்லோருக்கும் வைத்தேன். அந்தக் கையெழுத்து ஒருவருக்கும் தேவைப்படவில்லை, உம்மை வைத்து நான் சொன்ன பொய் ஒன்றுக்கும் உதவவில்லை என்று அன்றைக்கு நான் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.